காலையில் கரை, மாலையில் உள்வாய்

பறவைப் படம் என்றால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தோப்பிலும் காட்டோரத்திலும் அது சரிதான். ஏரியில் உள்ளான்களை, அதாவது சேற்றில் அலகால் குத்தி மேய்கிற கரைப் பறவைகளை, படம் எடுக்கப் போகிறவருக்கு அது பாதிதான் சரி. ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இருட்டில் வண்டி ஓட்டி, சேற்றில் இறங்கி, கடைசியில் சூரியனைப் பார்த்தபடி கருநிழல் படங்களோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். தப்பு கேமராவில் இல்லை. ஏரி எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்காததுதான் தப்பு.

தமிழ்நாட்டுச் சமவெளி பொதுவாக மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. மழைத் தண்ணீரை மறிக்கக் கரை போட்டவர்கள் தாழ்ந்த பக்கத்தில்தான் போட்டார்கள். அதனால் பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்கே, ஆழமும் மதகும் அங்கேயே. தண்ணீர் உள்ளே வருகிற உள்வாய் மேற்கே, ஆழமில்லாமல் தட்டையாகக் கிடக்கும். தெற்கே போனால் ஏரி கண்மாயாகவும் மதகு மடையாகவும் பெயர் மாறும், அமைப்பு அதேதான். விதிவிலக்கான ஏரிகளும் உண்டு. போவதற்கு முன்னால் போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நேராகவோ வில்லாகவோ தெரிகிற கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் கரை.

உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேய்வது ஆழத்தில் அல்ல. தண்ணீர் வற்றும்போது உள்வாயில் வெளிப்படுகிற ஈரச் சேற்றில். காலையில் அங்கே நின்றால் தண்ணீரும் பறவையும் சூரியனும் மூன்றும் கிழக்கே ஒரே வரிசையில் இருக்கும். சாயங்காலம் அதே இடத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஆக, உள்வாயில் மாலை நான்கு மணிக்கு மேல்தான் படம் எடுக்க வேண்டும். காலை வேளையைக் கரைக்கும் மதகுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: தை மாதச் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, தென்மேற்காக இறங்குகிறது. உள்வாயிலும் தென்மேற்கு மூலையைப் பிடித்து வடகிழக்கைப் பார்த்துப் படுத்தால் கடைசி அரை மணி நேரம் வெளிச்சம் பறவையின் முகத்திலேயே விழும்.

எந்த மாதம் போவது என்பதைக் காலண்டரைவிடத் தண்ணீர்தான் சொல்லும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பரில் ஏரி முட்டத் தண்ணீர் நிற்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இருக்கும். உள்ளானுக்கு நிற்க இடமே இருக்காது. பாசனத்துக்கு மதகைத் திறந்த பிறகு தண்ணீர் இறங்க இறங்க உள்வாயில் சேறு தெரிய ஆரம்பிக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். மழை குறைந்த வருஷமானால் டிசம்பரிலேயே சேறு தெரிந்துவிடும், பிப்ரவரியில் எல்லாம் வெடித்துக் காய்ந்துவிடும். வேடந்தாங்கல் மாதிரி பெயர்பெற்ற சரணாலயங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன்தான் கூட்டம் இழுக்கும். பார்ப்பது கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும்தான், கீழே இறங்க முடியாது. உள்ளானுக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயரில்லாத பாசன ஏரியே மேல்.

இடத்தை முந்தின நாளே குறித்து வைக்க வேண்டும். அதற்குப் பறவை கண்ணில் பட வேண்டும் என்றுகூட இல்லை, சேற்றைப் படித்தால் போதும். கொசு உள்ளான் மேய்ந்த இடத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள் நெருக்கமாக இருக்கும். கோரை உள்ளான் மேய்ந்த இடத்தில், கோரைப் புல்லை ஒட்டி, துளைகள் ஆழமாக இருக்கும். விரல் வைத்தால் மினுமினுவென்று தண்ணீர் கசிகிற சேறுதான் மேய்ச்சல் நிலம். மேலே தோல் காய்ந்து காலை வைத்தால் மொறுமொறுவென்று உடைகிற சேற்றைப் பறவை கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் விளிம்பு நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நல்ல படம் கிடைத்த இடம் இந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரிலிருந்து பல மீட்டர் தள்ளிப்போயிருக்கும். அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டு பறவை வரவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

படுப்பது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். பத்து மீட்டர் தள்ளி ஒரு கொசு உள்ளான், அதன் மார்பு தரையிலிருந்து ஏறக்குறைய ஏழு செ.மீ. உயரத்தில். நீங்கள் நின்று, லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் பார்வைக்கோடு பறவையைத் தாண்டி அரை மீட்டரிலேயே தரையில் முட்டிவிடும். பின்னணியாகக் கிடைப்பது பறவைக்கு அடுத்த சேறு. அதன் ஒவ்வொரு கட்டியும் தெளிவாக வந்து தொலைக்கும். இப்போது படுத்து, லென்ஸை 15 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். அதே கோடு பறவைக்குப் பின்னால் எட்டு ஒன்பது மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும். பின்னணி முழுக்கக் கரைந்து ஒரே வண்ணமாகிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கிக் கொண்டுவர நினைக்கிற அந்த மென்மையில் பாதி, முழங்கையைச் சேற்றில் வைத்தாலே வந்துவிடுகிறது. அதோடு பறவையின் கண்மட்டத்தில் எடுத்த படத்தில் அது பொம்மை போலக் குனிந்து தெரியாது.

சேற்றில் கேமரா முக்காலி (டிரைபாட்) எதற்கும் உதவாது, லென்ஸைத் தாங்க ஒரு பை போதும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு பக்கம் தைத்து, புளியங்கொட்டை நிரப்பி, மறுபக்கத்தையும் தைத்துவிடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கெட்டியாக உருண்டையாக இருந்தால் லென்ஸ் அதன்மேல் உருளும், குழைவாக இருந்தால்தான் பள்ளம் விழுந்து பிடித்துக்கொள்ளும். அரிசி போட்டால் ஈரம் பட்டு நாற்றமெடுக்கும், வண்டு வரும். பையை நேராகச் சேற்றில் வைத்தால் ஊறிப் போகும். விளிம்பு வளைந்த ஒரு பழைய தட்டில், தாம்பாளமானாலும் சரி, பையை வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தால் அங்குலம் அங்குலமாக முன்னால் தள்ளிக்கொண்டே போகலாம். எவர்சில்வர் தட்டானால் வெளிப்புறம் சேறு பூசிவிடுங்கள், மாலை வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும். உடம்புக்கு அடியில் யூரியா சாக்கு இரண்டைப் பிரித்து ஒட்டுப் போட்டாலே போதும். பளீரென்ற வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

சேற்றில் இறங்கும் முன் ஆடு மேய்க்கிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள்: "அண்ணே, இந்தப் பக்கம் மண் எடுத்த பள்ளம் இருக்குங்களா?" வண்டல் எடுத்த குழிகள் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும். தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுப்பதே வேண்டாம். சீமைக்கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும், கரைப் புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கும். டார்ச் இல்லாமல் வரக் கூடாது.

இனி காத்திருப்பது. பறவையை நோக்கி நடந்தால் அது போகும். இடத்தில் முன்னாடியே போய்ப் படுத்துவிட்டால் அது வரும். மூன்றரை மணிக்கே போய், தண்ணீர் விளிம்பிலிருந்து எட்டுப் பத்து மீட்டர் பின்தள்ளிப் படுத்துவிடுங்கள். நீங்கள் வந்ததில் எழும்பிப் போன கூட்டம் இருபது நிமிஷம், அரை மணியில் திரும்பும். முதலில் கொசு உள்ளான்கள்தான் வரும், அவற்றுக்குப் பயம் குறைவு. உள்ளான்கள் விளிம்போடு பக்கவாட்டில் மேய்ந்துகொண்டே நகரும். நீங்கள் அசையாவிட்டால் தானாகவே லென்ஸுக்கு முன்னால் கடந்து போகும். நகர்ந்தே ஆக வேண்டுமானால் நேராகப் போகாமல் சாய்வாகப் போங்கள், பறவை தலையைக் குனிந்து மேயும்போது மட்டும் நகருங்கள். மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டியது, தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆட்டியது என்றால் அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம். பக்கத்தில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி இருந்தால் அதைத்தான் முதலில் சமாதானப்படுத்த வேண்டும். அது ஒரு குரல் கொடுத்தால் ஏரியே காலி. பெயரை யாரும் சும்மா வைக்கவில்லை.

எழுந்து நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியன் மறைய இருபது நிமிஷம் இருக்கும்போது நின்றால் உங்கள் நிழல் இருபது மீட்டருக்கு மேல் நீண்டு பறவை மேல் விழும். பறவை உங்களைப் பார்த்துப் பறப்பதாக நினைப்பீர்கள், அது நிழலைப் பார்த்துப் பறக்கும்.

எவ்வளவு தூரம் என்பதில் பலருக்கு மனக்கணக்குத் தப்பிவிடுகிறது. கொசு உள்ளான் அலகிலிருந்து வால் வரை 13 செ.மீ.தான், சிட்டுக்குருவியைவிடச் சின்னது. 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (முழு பிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால், பத்து மீட்டரில் அது படத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய 1,400 பிக்சல் வரும். இருபது மீட்டரில் 700. முப்பதில் 500-ஐக்கூடத் தொடாது. இறகு விவரம் எதுவும் நிற்காது. நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன் என்றால் இருபது மீட்டரே தாராளம். அதே பத்து மீட்டரில் எஃப் 5.6 லென்ஸ் திறப்பில் தெளிவு நிற்கிற ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. கொசு உள்ளான் பக்கவாட்டில் நின்றால் முழுசாகத் தெளியும். உங்களைப் பார்த்து நின்றால் கண்ணில் போகஸ் விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், வால் மங்கினால் மங்கட்டும். கண் மங்கினால் படம் போச்சு.

ஷட்டர் வேகம் 1/1250 விநாடிக்குக் குறையக் கூடாது. கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும். பறக்கையில் 1/2500. மேனுவலில் ஷட்டரையும் திறப்பையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) தானியங்கியில் விட்டு, 3200-க்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தால் கடைசி வெளிச்சம் வரை தாக்குப்பிடிக்கும். வரம்பில் முட்டிப் படம் இருளத் தொடங்கினால் பறப்பதை விட்டுவிட்டு, நிற்கும் பறவைக்கு ஷட்டரை 1/500-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

வெளிச்ச அளவுதான் ஏரியில் அதிகம் ஏமாற்றும். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சேற்றுப் பின்னணியில் சின்னக் கொக்கு நின்றால், இருண்ட சேற்றை வெளுப்பாக்கப் போய்க் கொக்கைச் சுண்ணாம்புச் சுவராக்கிவிடும். வெளிச்ச அளவை முக்கால் முதல் ஒன்றேகால் நிறுத்தம் (ஸ்டாப்) குறையுங்கள். பளபளக்கும் தண்ணீரில் நீர்க்காகம் என்றால் நேர்மாறு, ஒரு நிறுத்தம் கூட்டினால்தான் அதன் கறுப்பில் பச்சை மினுமினுப்பும் கண்ணும் தெரியும். நெடுங்கால் உள்ளான் உடம்பு வெள்ளை, சிறகு கறுப்பு. அதற்கு வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கறுப்பைக் கம்ப்யூட்டரில் மீட்கலாம். எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. திரையில் எரிந்த இடம் சிமிட்டிக் காட்டும் வசதியைப் போட்டு வையுங்கள்.

நொடிக்கு இருபது படம் அடிக்கிற கேமராவானாலும் கண்மூடித்தனமாக அழுத்தினால் குனிந்த முதுகுகள்தான் நிறையும். குத்துகளுக்கு இடையில் பறவை ஒரு கணம் தலை தூக்கும். அதன் தாளம் இரண்டு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். தூக்குவதற்கு ஒரு இம்மி முன்னால் அழுத்துங்கள். தலை உங்கள் பக்கம் சற்றே திரும்பியிருந்தால் கண்ணில் வெளிச்சப் பொட்டு விழும். அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் படம் உயிரில்லாமல் கிடக்கும். நெடுங்கால் உள்ளானை எடுக்கும்போது தண்ணீரில் விழும் பிம்பத்தையும் சட்டத்துக்குள் முழுசாகக் கொண்டுவாருங்கள், இல்லையேல் அடியோடு விடுங்கள். பாதிக் காலில் வெட்டின பிம்பம் எப்போதும் தவறு போலவே தெரியும்.

அழகான படத்துக்கு முன்னால் அடையாளப் படம். வீட்டுக்கு வந்து எது பொறி உள்ளான், எது பச்சை உள்ளான் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பார்த்தவுடன் பக்கவாட்டில் ஒன்று, கால் நிறம் தெரிய ஒன்று, பறக்கும்போது முதுகும் சிறகின் அடிப்பக்கமும் தெரிய ஒன்று எடுத்துவிடுங்கள். பொறி உள்ளானுக்கு முதுகு முழுக்க வெளிறிய பொட்டுகள், கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெண்புருவம், மஞ்சள் சாயலுள்ள நீண்ட கால், பறக்கையில் சிறகின் அடிப்பக்கம் வெளிர். பச்சை உள்ளானுக்கு முதுகு கருத்துப் பொட்டுகள் நுணுக்கமாக இருக்கும், புருவம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், சிறகின் அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு. எழும்பும்போது வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கும், வாய்க்கால் ஓரத்தில், நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில். சாதா உள்ளானுக்கு மார்புப் பழுப்புக்கும் சிறகுக்கும் இடையில் ஒரு வெள்ளை ஆப்பு மேலேறும், வாலை ஓயாமல் ஆட்டும், தண்ணீரை ஒட்டிச் சிறகை விறைப்பாக அடித்துப் பறக்கும். மூன்றையும் ஒரே ஏரியில் ஒரே நாளில் பார்க்க முடியும், குழம்பவும் முடியும்.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதே அளவில் கால் மஞ்சள் சாயலாக, உடம்பு பொட்டில்லாத சாம்பல் பழுப்பாக ஒன்று புல்லோரம் பதுங்கி மேய்ந்தால், அது வேறு இனம். கூர்ந்து பார்த்துப் படமெடுங்கள். பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல், ஊருக்கு ஊர் மாறும். பவளக்காலி என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நெடுங்கால் உள்ளான். குறிப்பேட்டில் பெயரோடு கால் நிறம், அலகு நீளம், எண்ணிக்கை, நேரம் நான்கையும் எழுதுங்கள். 2015 முதல் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு சரியாக ஏரிகள் வற்றத் தொடங்கும் நேரத்தில்தான் வருகிறது. பெயரில்லாத ஏரியிலிருந்து போகிற பட்டியலுக்கு அங்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் வேறு யாரும் அங்கே போயிருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் தெளியவில்லையா? லென்ஸைக் குறை சொல்லும் முன் கானல் அலையைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த சேற்றின் மேல் சூடான காற்று நெளியும்போது, அதுவும் தரையோடு தரையாக எடுக்கும்போது, முப்பது மீட்டருக்கு அப்பால் எந்த லென்ஸும் தெளிவு தராது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை இதுதான் கதி. மருந்து இரண்டுதான்: ஈரச் சேற்றின் மேலாக எடுப்பது, தூரத்தைக் குறைப்பது. இன்னொரு திருடன், லென்ஸுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிற்கும் கோரைத் தாள். கண்ணுக்கே தெரியாது, ஆனால் படத்தின் குறுக்கே ஒரு மங்கலான பச்சைப் புகையை விட்டுப் போகும். படுத்தவுடன் கையெட்டும் தூரத்தில் உள்ளவற்றைச் சாய்த்துவிடுங்கள், பிடுங்க வேண்டாம்.

காலை வேளைக்கு வருவோம். கரை மேல் நின்று எடுத்தால் உயரம் கெடுக்கும். மதகுப் படிகளில் தண்ணீர்மட்டம் வரை இறங்கி உட்காருங்கள். சூரியன் பின்னால், ஆழத் தண்ணீர் முன்னால். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பாயும். நிற்கும் அந்த நாலைந்து விநாடிதான் போகஸ் பிடிக்க நேரம், 1/3200 வையுங்கள். மதகு ஷட்டர்க் கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி தினமும் ஒரே நேரத்துக்கு வந்து உட்காரும். கம்பி துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், அந்தத் துருவின் செம்பழுப்பும் பறவையின் நீலமும் நன்றாகவே பொருந்தும். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரைப் பார்த்தால் முகம் சுளிப்போம். அதன் மறைவில்தான் தாழைக்கோழி குஞ்சோடு வெளியே வரும்.

மார்ச் முடியும்போது கொசு உள்ளான்களின் முகத்திலும் முதுகிலும் செம்மை ஏறத் தொடங்கியிருக்கும். சைபீரியாவின் வடகோடிக்குப் போகிற உடுப்பு அது. சில வாரங்களில் கூட்டமாகக் கிளம்பிவிடும். அந்த வண்ணத்தில் எடுக்க வேண்டும் என்று ஏப்ரல் வரை இழுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் படுத்துக்கொண்டிருந்த அதே காய்ந்த விளிம்பில்தான் ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறும் தரையில் முட்டையிடும், மூன்று அல்லது நான்கு, மண்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆள்காட்டி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கிற அளவு வெயில். நீங்கள் பக்கத்தில் கிடந்தால் அது வந்து உட்காராது, கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துவிடும், நீங்கள் எழுந்து போன தடத்தைப் பார்த்துக் காக்கை வரும். ஆள்காட்டி தலைக்கு மேல் தாழப் பறந்து கத்தத் தொடங்கினால், காலை வைக்கும் இடத்தைப் பார்த்தபடி வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்த உள்வாயில் அடுத்த படம் மறு தையில்.